அஸ்மத் பீவியின் நாற்பத்தோரு மூட்டைகள்

அத்தியாயம் 14

நெய்னா முகம்மதுவின் கடை இன்னும் இருபத்தாறு நாள்தான் இருக்கும்.

சென்ற வாரமே அது தெரிந்துவிட்டது. கட்டடத்துக்காரர் ஆள் அனுப்பிக் கண்ணாடிக் கதவில் ஒட்டிய நோட்டீஸில் தேதியே போட்டிருந்தது. பழைய கடைத்தெருவின் அந்த வரிசை முழுவதும் இடிபடுகிறது. கோர் சித்ரா என்கிற அந்தச் சின்ன அமீரகக் கடற்கரை ஊரில் இருபத்திரண்டு வருடமாக அரிசியும் குப்பூஸ் ரொட்டியும் போன் கார்டும் விற்ற மளிகைக்கடைக்கு வேறு இடம் வேண்டும். புதுக் கட்டடங்களில் கேட்கிற வாடகைக்கு நெய்னா முகம்மது அரிசி விற்றுக் கட்டுப்படியாகாது, தங்கம்தான் விற்க வேண்டும்.

கடை இல்லாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் கீழக்கரைக்கு டிக்கெட்.

"நல்லதுதானே வாப்பா, ஊருக்குப் போய் ரெஸ்ட் எடுங்க," என்று துபாயிலிருந்து மகன் இர்ஷாத் போனில் சொன்னான். நெய்னா முகம்மதுவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும்.

வழி கண்டுபிடித்தவள் மகள் நஜீஹா. கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் வேலை பார்ப்பதால் ஊரில் எந்தச் சுவர் எப்போது விழும் என்பது வரை அவளுக்குத் தெரியும்.

ஊர் நகராட்சிக்கு, அங்கே எல்லோரும் சொல்கிற பெயரில் பலதியாவுக்கு, ஒரு பழைய தலைவலி உண்டு. சொந்தக்காரர்கள் பூட்டிவிட்டுப் போய், ஆண்டுக்கணக்கில் கட்டணம் கட்டாமல், கூரை இறங்கி, புறாக்கள் குடியேறிய வீடுகள் பழைய பகுதியில் எழுபதுக்கு மேல். நோட்டீஸ் அனுப்பியும் பத்திரிகையில் போட்டும் யாரும் வராத வீடுகளைப் பலதியா தன் கையில் எடுத்து, 'சொத்து வங்கி' என்று ஒரு பட்டியல் போட்டது. அதிலுள்ள வீட்டைச் சொந்தச் செலவில் பழுது பார்க்கச் சம்மதிக்கிறவருக்குப் பத்து வருடக் குத்தகை. முன்னறையில் கடை வைக்கலாம், பின்னால் குடியிருக்கலாம். பழைய சொந்தக்காரர் யாராவது கெடுவுக்குள் வந்து உரிமை கேட்டால் மட்டும் வீடு அவருக்கே திரும்பிவிடும்.

"பேங்க்கா?" என்று நஜீஹாவின் உம்மா அஸ்மத் பீவி அப்போதே முகத்தைச் சுளித்தாள். "வட்டிச் சமாச்சாரமா இருந்தா எனக்கு வேணாம்மா."

"பணம் போடுற பேங்க் இல்ல உம்மா. வீடு போடுற பேங்க்."

"வீட்டுக்கு வட்டி உண்டா?"

"மாஃபி, கிடையவே கிடையாது."

"அப்பச் சரி."

கடையிலிருந்து நாலு வாசல் தள்ளி, நீல இரும்புக் கேட் போட்ட முப்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு நெய்னா முகம்மதுவின் பேரில் மனு போனது. இன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குப் பலதியாவின் பொறியாளர் அந்த வீட்டைப் பார்வையிட வருகிறார். உரிமை கேட்பதற்கான கெடு நாளை மறுநாள், வியாழன் பகல் ஒரு மணி. இரண்டும் தாண்டிவிட்டால் வீடு கைக்கு வந்துவிடும்.

*

ஒன்பது பத்துக்கு நஜீஹா நீலக் கேட்டைத் தள்ளினாள். உள்ளேயிருந்து சாம்பிராணி மணத்தது.

வேறு யார் வீட்டுக்குள்ளேயோ நுழைந்துவிட்டோம் என்று ஒரு அடி பின்வாங்கினாள். எண்ணைப் பார்த்தாள். முப்பத்தொன்றுதான்.

மனு போட்டவர்கள் பார்ப்பதற்காகப் பலதியா ஒரு நாளைக்குச் சாவி கொடுக்கும். நேற்று மதியம் அதை வாங்கி வந்து, அவள் எட்டிப் பார்த்தபோது கணுக்கால் அளவு மணலும் புறா எச்சமும்தான் இருந்தன. சாவியை வாப்பா கையில் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள்.

இப்போது முற்றத்துச் சிமெண்டுத் தரையில் முகம் பார்க்கலாம். வாசலில் மிதியடி. மிதியடிக்குப் பக்கத்தில் மூன்று ஜோடி செருப்பு. முன்னறை ஜன்னலில் பச்சைத் திரைச்சீலை. உள்ளே பாய் விரித்து, ஒரு தட்டில் பேரீச்சம்பழம், பிளாஸ்க்கில் சுலைமானி டீ, கவிழ்த்து வைத்த ஆறு கண்ணாடி டம்ளர்.

நடுவில் அவளுடைய உம்மா அஸ்மத் பீவி, பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"உம்மா... என்ன உம்மா இது?"

"பலதியாவிலேருந்து ஆள் வாறாக. குப்பைக்குள்ளயா உக்கார வைக்கிறது? நேத்து சாயங்காலம் அஸருக்கு ஆரம்பிச்சோம். ராத்திரி இஷாவுக்கு முடிச்சிட்டோம்."

நஜீஹா கோப்பைத் திறந்து படிவத்தை நீட்டினாள்.

"இதுல ஃபர்ஸ்ட் கேள்வி என்ன தெரியுமா? கட்டடத்துல ஆள் வசிக்கிற அடையாளம் உண்டா, இல்லையா. உண்டுன்னு டிக் பண்ணினா வீடு லிஸ்ட்லேருந்து அவுட். யாரோ திருட்டுத்தனமா குடியிருக்கான்னு லீகல் செக்‌ஷனுக்குப் போயிடும். ஆறு மாசம் ஆகும், வருஷமும் ஆகும். பாழடைஞ்ச வீடுன்னாதான் உம்மா குடுப்பாங்க! நீங்க கல்யாண வீடு மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க!"

பின்கட்டிலிருந்து நெய்னா முகம்மது வந்தார். கையில் துடைப்பம். நிலைமை புரிந்ததும் துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அதைத்தான் நானும் அப்பவே கேட்டேன்," என்றார்.

"என்ன கேட்டீக மச்சான்?" என்று அஸ்மத் பீவி திரும்பினாள். "திரைச்சீலை எந்தக் கலர்ல போடுறதுன்னு கேட்டீக."

"பச்சை என் செலக்‌ஷன், பாப்பா," என்று ஏணிமேலிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து ரூமில் தங்கியிருக்கும் ஏசி மெக்கானிக் பன்னீர்செல்வம். மன்னார்குடிக்காரர். உத்தரத்தில் கடைசி ஒட்டடையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதை விடுங்க அங்கிள்! அந்த ஒட்டடையாவது இருக்கட்டும்!"

பன்னீர்செல்வம் எடுத்த ஒட்டடையைத் திரும்ப ஒட்டப் பார்த்தார். அது ஒட்டவில்லை.

"எடுத்த குப்பை எல்லாம் எங்க?" என்றாள் நஜீஹா. "பலதியா தொட்டியில போட்டாச்சா?"

"அடுத்தவுக பொருளைத் தொட்டியில போடுறதா?" அஸ்மத் பீவிக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "வீடு இன்னும் நம்ம கைக்கு வரல. ஒரு ஆணியைக்கூட நான் வெளியே அனுப்பல. வா, பாரு."

பின்முற்றத்தில் பாசுமதி அரிசிச் சாக்குகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நாற்பத்தோரு மூட்டைகள். ஊருக்குக் கார்கோ அனுப்பிப் பழகிய கை அது. ஒவ்வொரு மூட்டையும் வாய் தைத்து, பழுப்பு டேப் சுற்றி, குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. மேலே கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்து: 'முன்ரூம் 1/7', 'முன்ரூம் 2/7', 'அடுப்படி 3/5', 'ஹால் – உடையும், கவனம்'. கீழக்கரை விலாசம் ஒன்றுதான் எழுதவில்லை.

"ஹால் மூட்டையில உடையுறதுக்கு என்ன இருக்கு?"

"உடைஞ்ச கண்ணாடி," என்றாள் அஸ்மத் பீவி.

*

மணி ஒன்பது இருபத்தைந்து.

"மேட்டர் சிம்பிள்," என்றார் பன்னீர்செல்வம். "எடுத்ததை எடுத்த இடத்துல கொட்டிட்டா முடிஞ்சுது. முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. முன்ரூம் மட்டும் பண்ணினாக்கூடப் போதும்."

"கொட்டுறதா?" அஸ்மத் பீவி வாசற்படியில் போய்க் கையை விரித்து நின்றாள். "மூணு தடவை டெட்டால் போட்டுத் துடைச்ச தரை தம்பி. என்னைத் தாண்டிப் போயிடுங்க பாப்போம்."

நஜீஹா கெஞ்சினாள். பன்னீர்செல்வம் கடிகாரத்தைக் காட்டினார். அஸ்மத் பீவி அசையவில்லை. கடைசியில் நெய்னா முகம்மது வந்து அவள் எதிரில் நின்று, மெதுவாக ஒன்றே ஒன்று சொன்னார்.

"இருபத்தாறு நாளு, அஸ்மத்து."

அஸ்மத் பீவியின் கைகள் இறங்கின. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நான் பாக்க மாட்டேன். கொட்டிக்கங்க."

'முன்ரூம் 1/7' பிரிக்கப்பட்டது. பன்னீர்செல்வம் தலைகீழாகப் பிடித்து உதறினார். மணல் பரவிப் பேரீச்சம்பழத் தட்டு வரை போனது. நெய்னா முகம்மது குனிந்து, கடையில் பருப்பைத் தட்டில் பரப்புகிற மாதிரி உள்ளங்கையால் சமமாகப் பரப்ப ஆரம்பித்தார்.

"அப்படி இல்ல பாய், நேச்சுரலா இருக்கணும். இந்தப் பக்கம் கொஞ்சம் மேடா."

"புறா எச்சம் எங்கே இருந்துச்சு?"

"ஜன்னல்கிட்ட."

"அது எந்த மூட்டை?"

"நாலு," என்றாள் அஸ்மத் பீவி, சுவரைப் பார்த்தபடியே.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

நான்கு பேரும் திரும்பினார்கள். வாசலில் ஒரு பெண். கறுப்பு அபாயா, கையில் வெள்ளை ஹெல்மெட், இன்னொரு கையில் டேப்லெட். முப்பது வயது இருக்கலாம். மார்பில் தொங்கிய பலதியா அட்டையில் பொறியாளர் மர்யம் என்று இருந்தது. அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள்.

அவள் கண்ணில் பட்டவை இவை: பளபளவென்று துடைத்த ஒரு வீடு. பச்சைத் திரைச்சீலை. விருந்துப் பாய். அந்தப் பாயின் ஓரத்தில் கைப்பிடி நிறையப் புறா எச்சத்தோடு மண்டியிட்டிருந்த, வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர்.

"என்ன செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நெய்னா முகம்மது எச்சத்தை எங்கே போடுவது என்று தெரியாமல் கையை மூடிக்கொண்டார்.

"டெமோ, மேடம்," என்றார் பன்னீர்செல்வம்.

அஸ்மத் பீவிதான் முன்னால் வந்தாள். இருபது வருடத்தில் அவளே தைத்துக்கொண்ட ஒரு மொழி உண்டு. கொஞ்சம் அரபி, கொஞ்சம் இந்தி, இடைவெளியெல்லாம் தமிழ்.

"மேடம், இங்கே நஃபர் மாஃபி. யாரும் இல்ல. சாஃப் பண்ணினது நானு. கல். நேத்து. நீங்க மெஹ்மான், விருந்தாளி. மெஹ்மான் வந்தா வீடு சாஃப் பண்ணணும், இல்லையா? இப்ப எம் புள்ள சொல்லுது, சாஃப் இருந்தா வீடு கிடைக்காதாம். அதான் இவுக திரும்பக் கொட்டுறாக. நான் வேணாமுன்னுதான் சொன்னேன்."

கணவரையும் காட்டிக்கொடுத்தாயிற்று. நஜீஹா கண்ணை மூடிக்கொண்டு அதையெல்லாம் அரபியில் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

மர்யம் சிரிக்கவில்லை. உதட்டோரம் மட்டும் லேசாக ஆடியது.

"பத்தொன்பது வீடு பார்த்துவிட்டேன்," என்றாள். "எல்லாவற்றிலும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு போனேன். ஒரு வீட்டிலும் டீ வைத்திருக்கவில்லை." டேப்லெட்டைத் திறந்தாள். "ஆனால் நான் பார்ப்பதைத்தான் எழுத முடியும். இங்கே பாய், திரை, செருப்பு எல்லாம் பார்க்கிறேன்."

விரல் 'உண்டு' என்ற கட்டத்துக்கு மேலே நின்றது.

"கரண்ட் மீட்டர் கிடையாது, தண்ணி கனெக்‌ஷன் கிடையாது," என்று நஜீஹா அரபியிலேயே அவசரமாகச் சொன்னாள்.

"போன மாதம் ஒரு வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். அங்கேயும் இரண்டும் கிடையாது. ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள்." மர்யம் கடுமையாகப் பேசவில்லை, சட்டத்தைச் சொன்னாள். "இத்தனை வருடம் இங்கே யாரும் கால் வைக்கவில்லை என்று காட்ட ஏதாவது வேண்டும். இருக்கிறதா?"

*

மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. மர்யம் கையுறை மாட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். நஜீஹா மார்க்கர் எழுத்தைப் படித்து மொழிபெயர்க்க, ஒவ்வொரு அறையின் குப்பையும் தனித்தனியாகப் படமெடுக்கப்பட்டது. துருப்பிடித்த ஃப்ரிட்ஜ் கதவு. சக்கரம் போன குழந்தை சைக்கிள். ஒரு முழுப் புறாக் கூடு, அதையும் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தாள் அஸ்மத் பீவி.

"அடுக்கி வைத்த விதம் நன்றாக இருக்கிறது," என்றாள் மர்யம். "ஆனால் இது எதுவும் தேதி சொல்லாது. காகிதம் எதுவும் இல்லையா? ஒரு வீட்டில் காகிதமே இல்லாமல் இருக்குமா?"

நாற்பத்தோரு மூட்டையிலும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

நஜீஹா மொழிபெயர்த்ததும் அஸ்மத் பீவி திடுக்கிட்டாள். "காகிதத்தை எப்படிடீ குப்பையோட போடுவேன்? எல்லாம் அரபில இருக்கே!"

ஓடிப்போய், உள்ளறையில் தலைக்கு மேல் உயரத்திலிருந்த பலகையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்துவந்தாள். வெளுத்து இஸ்திரி போட்ட உறை.

அரபி எழுத்து இருக்கிற தாள் காலில் படக்கூடாது. அல்லாஹ்வின் பெயர் அதில் எங்காவது இருக்கலாம். ஓதத் தெரிந்த அளவுக்கு அஸ்மத் பீவிக்கு எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. ஆகவே எந்தத் தாளில் இருக்கிறது, எந்தத் தாளில் இல்லை என்று அவளால் பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் எடுத்து, தூசி தட்டி, முத்தமிடாத குறையாக மேலே வைத்திருந்தாள்.

மர்யம் உறையை மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"பீட்சா. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்." அடுத்தது. "ஏசி சர்வீஸ்."

"அது என் கம்பெனி நோட்டீஸ்," என்றார் பன்னீர்செல்வம் மகிழ்ச்சியோடு.

"முடி கொட்டுவதற்கு எண்ணெய்." மர்யம் நிமிர்ந்து அஸ்மத் பீவியைப் பார்த்தாள். "காலா, இதையெல்லாமா அவ்வளவு உயரத்தில் வைத்தீர்கள்?"

காலா என்றால் சின்னம்மா. அந்த ஒரு சொல் அஸ்மத் பீவிக்கு நன்றாகவே தெரியும். வெட்கப்பட்டாள்.

அடியில் போகப் போகப் பழுப்பு உறைகள் வந்தன. பலதியாவின் கட்டண நோட்டீஸ்கள். கேட்டுக்கு அடியில் வருடத்துக்கு ஒன்றாகத் தள்ளிவிட்டுப் போனவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. கதவுக்குப் பின்னால் கிடந்த அதே வரிசையில், பழையது கீழே, புதியது மேலே என்று தலையணை உறைக்குள் போயிருந்தன. மர்யம் தரையில் அடுக்கினாள். பதினாறு உறை. பதினாறு வருடம்.

"ஒருத்தர் குடியிருந்தால்," என்று மெதுவாகச் சொன்னாள், "ஒன்றையாவது பிரித்துப் பார்த்திருப்பார். பயந்தாவது ஒளித்திருப்பார்."

பதினாறையும் ஒரே படமாக எடுத்தாள். 'இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டாள். கீழே, 'மனுதாரரின் குடும்பம் விருந்தினரை எதிர்பார்த்துச் சுத்தம் செய்துள்ளது' என்று ஒரு குறிப்பும் எழுதினாள். பிறகுதான் டம்ளரைக் கையில் எடுத்தாள்.

நெய்னா முகம்மது, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். கையை நெஞ்சில் வைத்தார். புறா எச்சம் சட்டையில் ஒட்டிக்கொண்டது. யாரும் அதைச் சொல்லவில்லை.

"பாய், ஏசிக்கு டக்ட் எந்தப் பக்கம் விடலாம்?" என்று பன்னீர்செல்வம் சுவரை அளக்கத் தொடங்கிவிட்டார்.

*

நஜீஹா மிச்சத் தாள்களைச் சேர்த்துத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். மேலாக ஒன்று, இந்த வருட நோன்புக் காலத்துச் சலுகை நோட்டீஸ். அதற்கும் மேலே, மர்யம் முதலில் ஒதுக்கி வைத்த விளம்பரங்களோடு ஒட்டிக்கொண்டு, ஒரு நீல உறை. தபால் தலை இல்லை. கையெழுத்து.

பள்ளிக்கூடத்தில் படித்த அரபி அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

'இந்தக் கேட்டைத் திறக்கிறவருக்கு. இது என் தகப்பனாரின் வீடு. எனக்குத் தம்மாமில் கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிறது. சாவி என் சகோதரரிடம் இருந்தது. அவர் இப்போது இல்லை. இரண்டு முறை வந்து தட்டிவிட்டுப் போனேன். வீட்டைப் பற்றி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். லத்தீஃபா.' கீழே ஒரு சவுதி நம்பர்.

அவள் அதை மடித்தாள். தலையணை உறைக்குள் வைத்தால் பீட்சாவுக்கும் முடி எண்ணெய்க்கும் நடுவில் போய்விடும். யாருக்கும் தெரியாது. வியாழன் ஒரு மணிக்குக் கெடு முடிந்துவிடும்.

"என்னாம்மா?" என்றார் நெய்னா முகம்மது.

"ஒன்னுமில்ல வாப்பா."

"ஒன்னுமில்லாததுக்கு ஏன் முகம் இப்படிப் போவுது?" என்றாள் அஸ்மத் பீவி. "படி."

தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னாள். மர்யம் நான்கடி தள்ளி, சுவரில் விரிசலைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். தமிழ் அவளுக்குத் தெரியாது.

பன்னீர்செல்வம் அளவு நாடாவைச் சுருட்டினார்.

"குடுத்தா கடை போச்சு," என்றார் நெய்னா முகம்மது.

"குடுக்காட்டி கடையில பரக்கத் போச்சு," என்றாள் அஸ்மத் பீவி. பரக்கத் என்றால் அல்லாஹ் தருகிற விருத்தி.

அவர் மனைவியைப் பார்த்தார். கடைத்தெருப் பக்கம் திரும்பினார். பிறகு மகளின் கையிலிருந்து நீல உறையை வாங்கி, தாமே நடந்துபோய்ப் பொறியாளரிடம் நீட்டினார். "மேடம், ஏக் அவுர் காகஸ்," என்றார். இன்னும் ஒரு தாள் இருக்கிறது.

மர்யம் நின்றபடி இரண்டு முறை படித்தாள்.

"இதைக் கோப்பில் சேர்க்க வேண்டும். இவருக்கு நாங்கள் தகவல் அனுப்ப வேண்டும்," என்றாள். "இன்று பதிவுத் தபாலில் போகும். தம்மாமுக்குப் போய்ச் சேர ஒரு வாரம். கெடு வியாழன் ஒரு மணி. சட்டப்படி என் வேலை அவ்வளவுதான். உங்கள் வேலையும் முடிந்தது."

நஜீஹா மொழிபெயர்த்தாள். தபால் மெதுவாகப் போகும். வீடு வேகமாக வரும். யாரும் எதையும் மறைத்ததாகாது. நெய்னா முகம்மதுவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது.

மர்யம் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கேட் வரை போய்த் திரும்பினாள். "தொலைபேசி செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை," என்றாள். "செய்யவேண்டும் என்றும் இல்லை." கேட் சாத்திக்கொண்டது.

"கெட்டிக்காரப் பொண்ணு," என்றார் பன்னீர்செல்வம். "பந்தை நம்ம காலடியில வச்சிட்டுப் போயிட்டா."

"அந்த அம்மா ரெண்டு தடவை தட்டியிருக்காக மச்சான்," என்றாள் அஸ்மத் பீவி. "சொந்த வீட்டை, வெளியே நின்னு."

நெய்னா முகம்மது தமது போனை எடுத்துப் பாயின்மேல் வைத்து, மகள் பக்கமாகத் தள்ளினார்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் வந்த குரல் வயதான குரல். ஆனால் கடைத்தெரு முழுக்கக் கேட்கிற குரல்.

நஜீஹா ஸலாம் சொல்லி, கோர் சித்ரா என்றாள், நீலக் கேட் என்றாள். அதற்குமேல் அந்தப் பக்கம் விடவில்லை.

"என்ன சொல்றாக?" என்றாள் அஸ்மத் பீவி.

"நம்மளைக் காலி பண்ணச் சொல்றாங்க."

"நாமதான் இன்னும் குடியே வரலையே!"

நஜீஹா பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். பட்டியல், குத்தகை, வியாழன், ஒரு மணி. நடுவே ஒரு இடத்தில் அந்தக் குரல் நின்றுபோனது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மறுபடி தொடங்கியபோது வேகமாக, கட்டளையாக வந்தது.

"நாளைக்கே கார்ல கிளம்பறாங்களாம். வியாழக்கிழமை காலையில இங்கே இருப்பாங்களாம். அதுவரைக்கும் யாரும் எதுலயும் கையெழுத்துப் போடக்கூடாதாம்."

நெய்னா முகம்மது பக்கத்திலிருந்த 'முன்ரூம் 2/7' மூட்டைமேல் உட்கார்ந்தார். "முடிஞ்சுது," என்றார்.

அஸ்மத் பீவி போனைப் பிடுங்கி வாயருகே வைத்துக்கொண்டாள். "ஹாலோ! காலா லத்தீஃபா! கம் நஃபர்? எத்தனை பேரு வாறீக?"

இந்தக் கேள்வியை லத்தீஃபா எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. பிறகு, குரல் பாதியாகக் குறைந்து, ஏதோ சொன்னார்.

"ஆறு பேராம்," என்றாள் நஜீஹா. "அதுல ஒருத்தர் வக்கீலாம்."

பன்னீர்செல்வம் அளவு நாடாவைப் பையில் போட்டார். நெய்னா முகம்மது தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

அஸ்மத் பீவி விரல் விட்டு எண்ணினாள். அவர்கள் ஆறு, நம் வீட்டில் மூன்று, பன்னீர் தம்பி ஒன்று.

"வக்கீலுக்கு மீன் ஒத்துக்குமான்னு கேளும்மா."